ஒரே சட்டி இறால்

லுங்கியைப் பிழிந்தபோது ரவிக்குமாரின் மணிக்கட்டு உடைந்தது.

கடலில் விழவில்லை, போட்டில் வழுக்கவில்லை, யாரோடும் அடிதடி இல்லை. காசிமேட்டில் வீட்டுக்குப் பின்னால் அடிபம்பு ஓரமாகக் குந்தி, ஒரு பழைய லுங்கியை அலசி இரண்டு கையாலும் முறுக்கினான். காய்ந்த சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். பம்பை அடித்துக்கொண்டிருந்த அவன் அக்கா பவுனம்மாள், வாளியின் கைப்பிடிதான் போய்விட்டது என்று நினைத்தாள்.

"உடைச்சிட்டியா? பொங்கலுக்குத்தான்டா வாங்கினேன்" என்று திட்டிக்கொண்டே திரும்பினாள்.

வாளி முழுசாக இருந்தது. தம்பியின் வலது கைதான் மணிக்கட்டுக்குக் கீழே, வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்தது போலத் தொங்கியது. அவன் கத்தவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யக்கா, இன்னா இது" என்றான்.

போட்டில் என்ஜின் டிரைவராக இருந்த ஆள். ராயபுரம் முழுக்க அவனை 'டிரைவரு' என்றுதான் கூப்பிடுவார்கள். டீசல் கேனை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பலகை மேல் நடந்தவன். அந்தக் கை, ஈர லுங்கிக்குத் தாங்கவில்லை. பவுனம்மாளுக்கு அழுகை வரவில்லை. பம்பை அடிப்பதை நிறுத்தவும் தோன்றவில்லை. குடம் நிரம்பி, தண்ணீர் வழிந்து அவள் காலடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

சுனாமிக்கு மறு வருஷம் ரவிக்குமாரின் இரண்டு கிட்னியும் நின்றுபோயிருந்தன. ரத்தக் கொதிப்பு இருந்தது, அவனுக்குத் தெரியாது. தலைவலி என்றால் ஒரு மாத்திரை, ஒரு டீ. முகம் வீங்கி மூச்சு வாங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்கப்புறம் வாரத்தில் மூன்று காலை நேரம் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியின் மாடியில், இடது கையில் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தைக் கழுவும் டயாலிசிஸ் மிஷினோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்துக் கிடந்தான். அவன் கூடவே பவுனம்மாளும் இருந்தாள்.

இல்லாமல் இருப்பாளா? அம்மா காமாலையில் போனபோது பவுனம்மாளுக்குத் தாவணி போட்ட புதுசு. ரவிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த வயசு. அவனுக்குச் சோறு ஊட்டினதும், பேன் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிவிட்டு வந்தால் போய்ச் சண்டை போட்டதும் அவள்தான். கல்யாணம் ஆகி நாலு தெரு தள்ளிப் போனபோது அவனையும் இட்டுக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்காரர் சுப்புராயன் விசைப்படகில் வலை இழுப்பவர், வாயில் வெற்றிலை இல்லாமல் பேசத் தெரியாதவர். "எல்லாருக்கும் பீரோ, கட்டிலு சீரா வரும். எனக்கு ஒரு மச்சான் வந்தான்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

திருவொற்றியூர் ரோட்டோரம் ஓர் இறால் ஷெட். பவுனம்மாள் அங்கே வேலைக்குப் போய் வெகு காலம். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து ஐஸில் போடுவது பெண்களின் வேலை. நின்றுகொண்டே செய்ய வேண்டும். விரல் ஊறி வெள்ளையாகிவிடும். அவள் கை சுத்தம் என்று பார்த்து, சூப்பர்வைசர் அருள்பிரகாசம் அவளை நீல டிரம் பக்கம் மாற்றியிருந்தார். ஐஸ் தண்ணீரில் மூட்டையிலிருந்து வெள்ளைப் பவுடரை அளந்து கொட்டிக் கலக்கி, உரித்த இறாலை அதில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். கிழிந்த துணி மாதிரி கிடக்கும் இறால், ஊறி வெளியே வரும்போது கொழுகொழுவென்று கண்ணாடிபோல் மின்னும், எடையும் கூடியிருக்கும். ஷெட்டில் எல்லாரும் அதை 'வெயிட்டு பவுடர்' என்றார்கள். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை. கப்பலில் போகிற சரக்குக்குப் போடுவது, நல்லதாகத்தான் இருக்கும்.

முதன்முதலில் டயாலிசிஸ் ஆரம்பித்தபோது டாக்டர் பவுனம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ரத்த வகை ஒன்றுதான். கூடப் பிறந்தவள். வயசும் சரி. ஒரு கிட்னி கொடுக்க முடியுமா?

அவள் தலையாட்டவும் இல்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுப்புராயனிடம் சொன்னாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். எர்ணாவூர் பக்கம் கிட்னி வித்த கதைகள் டீக்கடைதோறும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இடுப்பில் தையல் போட்ட பெண் என்றால், பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"இடுப்புல தையலோட நீ தெருவுல நடந்தா தம்பிக்குக் குடுத்தான்னு எவன்டி நம்புவான்? புருசன் வித்துத் துன்னுட்டான்னுதான் பேசுவானுங்க. பொண்ணு வேற வளந்துகினு வர்றா."

அவர் சொன்னது ஒரு பக்கம். பவுனம்மாளுக்குக் கத்தி என்றாலே பயம் என்பது இன்னொரு பக்கம். பிரசவத்தில் தையல் போட்டதற்கே நினைவு தப்பியவள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போய், "சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஒயுங்கா பாத்துக்கறேன் சார். நோவு அதுல கொறையட்டும்" என்றாள். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. ரவிக்குமாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளை அறுத்தது.

அதனால் சாப்பாட்டில் இறங்கினாள், சாமி வந்த மாதிரி. டாக்டர் கருவாடு கூடாது என்றார். பரணில் இருந்த பானையோடு எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். எலும்போடு மெல்லுகிற நெத்திலி கூடாது, பால் கூடாது, பருப்பு ரொம்ப வேண்டாம், கலர் கூல்டிரிங்க் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் நிறுத்தினாள். இதெல்லாம் ரத்தத்தில் 'பாஸ்பேட்டு' என்கிற உப்பை ஏற்றிவிடும் என்று நர்ஸ் ஃப்ளோரன்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். தூத்துக்குடிப் பெண், கறார் பேர்வழி. பாஸ்பேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளச் சாப்பாட்டோடு ஒரு சுண்ணாம்பு மாத்திரை, வாயில் சோறு இருக்கும்போதே மென்று விழுங்க வேண்டும். பவுனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மெல்லுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பாள்.

மீன், இறால் கொஞ்சமாகச் சாப்பிடலாம், புதுசாக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ரவிக்கு வாய் கசந்து கிடந்தது. மீன் வாடை பட்டாலே குமட்டினான். கடல்காரன் மீன் வாடைக்கு ஓடுவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஷெட்டில் சாயங்காலம் உடைசல் இறாலைப் பெண்கள் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் பவுடரில் ஊறினதோ ஊறாததோ, கிடைத்ததை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பவுனம்மாள் தன் பங்கைக் காலையிலேயே கேட்டு வாங்கி, ஒரு வலைப்பையில் கட்டி, நீல டிரம்முக்குள் தொங்கவிட்டாள். கம்பெனி சரக்கு ஊறுவதைவிட இரண்டு மடங்கு நேரம். சாயங்காலம் எடுத்தால் வாடையே இல்லை. பால் மாதிரி வெள்ளை. வேகவைத்தால் உருண்டு திரண்டு நின்றது.

"இன்னா யக்கா இது, ஸ்டார் ஓட்டலு இறாலு மாதிரி கீது" என்று ரவி முதல்நாள் தட்டை வழித்தான்.

"வெயிட்டு பவுடர்ல ஊறினது. துன்னு."

"அப்போ எனக்கும் வெயிட்டு ஏறும்னு சொல்லு. சுள்ளி மாதிரி கீறேன், கொஞ்சம் ஏத்திவுடு."

அன்றையிலிருந்து வாரத்தில் பாதி நாள் இறால்தான். துறைமுகத்து மீன் ஐஸும் டீசலும் காக்காய் எச்சமுமாகக் கலீஜாகக் கிடக்கும், வெள்ளைக்காரன் தின்கிறது சுத்தமாக இருக்கும் என்பது அவள் கணக்கு.

கொஞ்ச நாளில் அவனுக்கு அரிப்பு ஆரம்பித்தது. சாதாரண அரிப்பில்லை. முதுகை நிலைப்படியில் தேய்ப்பான். சீப்பை எடுத்துக் காலைச் சொறிந்து ரத்தம் வரவைப்பான். கண் சிவந்து கிடந்தது. எண்ணூர் அனல் மின்நிலையத்துச் சாம்பல்தான் காற்றில் வருகிறது என்றார் சுப்புராயன். பவுனம்மாள் சோப்பை மாற்றினாள். ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார் டாக்டர். "வீட்ல திருட்டுத்தனமா கருவாடு போடறீங்களா?" என்று ஃப்ளோரன்ஸ் முறைத்தாள். பவுனம்மாள் பிள்ளை மேல் சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகுதான் கை உடைந்தது.

மாவுக்கட்டு போட்டு, மறுநாள் டயாலிசிஸுக்கு வந்தபோது டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு உடைந்த இடத்தைப் பவுனம்மாளே கண்டுகொண்டாள். டாக்டர் விரலை வேறு இடத்தில் வைத்தார். எலும்புக்குப் பக்கத்தில், வளைந்து வளைந்து ஓடும் இரண்டு வெள்ளைக் கோடு.

"இது என்ன தெரியுதாம்மா? ரத்தக் குழாய். எக்ஸ்ரேல இது தெரியவே கூடாது. சதை மாதிரி மெத்துனு இருக்கணும். இவருக்குச் சுண்ணாம்பு படிஞ்சு கல்லா மாறிக்கிட்டிருக்கு."

பவுனம்மாள் அந்தக் கோடுகளையே பார்த்தாள். உயிரோடு இருக்கும் மனுசனுக்குள்ளே கல்.

"எலும்புல இருக்க வேண்டியது அங்க இல்ல. இருக்கக் கூடாத எடத்துல இருக்கு. எங்கிருந்தோ பாஸ்பேட் உள்ள போகுது. எங்கேன்னுதான் எனக்குப் புரியல" என்றார் டாக்டர்.

"சார், நான் குடுக்கிறது எல்லாம் சுத்தமானது சார். வேணும்னா பாருங்க." பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். டயாலிசிஸ் முடிந்ததும் அவனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது. கொஞ்சம் சோறு, வதக்கிய இறால். "கருவாடு இல்ல, நெத்திலி இல்ல. கம்பெனி இறாலு. பவுடர் தண்ணில கெடந்தது, ஒரு வாடை வராது."

ஃப்ளோரன்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்ன பவுடர்?"

"வெயிட்டு பவுடரு. வெள்ளையா இருக்கும். சோப்புத்தூள் மாதிரி, ஆனா நுரைக்காது. கைல வழவழன்னு வரும்."

டாக்டர் எக்ஸ்ரேயை மேசையில் வைத்தார். டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "அதோட பேரு என்னன்னு கேக்க முடியுமா?" என்றார்.

ஃப்ளோரன்ஸ் தன் செல்போனைக் கொடுத்தாள். சூப்பர்வைசர் நம்பர் பவுனம்மாளுக்கு மனப்பாடம். போனின் சத்தம் பெரிது, அறை சிறிது. அருள்பிரகாசம் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"பவுடரா? அது பாஸ்பேட்டும்மா. தண்ணிய உள்ள புடிச்சு வச்சுக்கும், அதான் எடை ஏறுது. ஏன், மூட்டை கீழ கொட்டிச்சா?"

அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். "பவுனு? பவுனம்மா?" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஃப்ளோரன்ஸ்தான் கையிலிருந்து போனை மெல்ல எடுத்து அணைத்தாள்.

அந்தப் பேரை இத்தனை காலமாக இந்த மாடியில் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலேயே கையை முழங்கை வரை நனைத்துக் கலக்கிக்கொண்டும் இருந்தாள். கருவாட்டில் இருக்கிறது, பாலில் இருக்கிறது என்றார்கள். மூட்டையில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவன் பங்கைக் காலையிலேயே தொங்கவிட்டது, இரண்டு மடங்கு ஊறவைத்தது, வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்தது, எல்லாம் அவள் கை.

டிபன் பாக்ஸை மூடினாள். "நானும் அதைத்தானே சார் துன்னேன்? ஒரே சட்டிதான் சார். என் பொண்ணு துன்னா, அவரு துன்னாரு. எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உங்க கிட்னி வெளிய தள்ளிடுதும்மா. பாஸ்பேட் விஷம் இல்ல. எலும்பு, பல்லு, சதை எல்லாத்துக்கும் வேணும். ஆனா நம்ம சாப்பாட்டுல எப்பவுமே தேவைக்கு மேலதான் வரும். ரத்தத்துல கூடினதும் எலும்பே கிட்னிக்கு ஒரு சேதி அனுப்பும். கழுத்துல நாலு சின்னச் சுரப்பி இருக்கு, அதுவும் அனுப்பும். 'இதைத் திரும்ப எடுத்துக்காத, மூத்திரத்துல விட்டுடு'ன்னு. கொறைஞ்சா, 'விடாத, புடிச்சு வை'ன்னு. இது தெனமும் நடக்குது. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அவனுக்கு?"

"அவருக்கும் சேதி போகுது. கேக்க ஆள் இல்ல. ஆள் இல்லேன்னதும் அந்தச் சுரப்பிங்க இன்னும் சத்தமா கத்தும். கத்திக் கத்தி எலும்புல இருக்கிற சுண்ணாம்பை உருவி ரத்தத்துல கொட்டும். அது பாஸ்பேட்டோட கூடி எங்க வேணா படியும். எங்க மிஷின் கொஞ்சந்தான் எடுக்கும். சாதா மீன்ல இருக்கிறதுல பாதிதான் உடம்புல ஒட்டும். கரைச்ச பவுடர் கிட்டத்தட்ட மொத்தமும் உள்ள போயிடும். மாத்திரை என்ன பண்ணும், பாவம்."

கட்டிலிலிருந்து ரவிக்குமாரின் குரல் வந்தது. தூங்குகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"போட்டு அடில எப்பவுமே தண்ணி கசியும் சார். பம்பு எறைச்சிகினே இருக்கும். அது ஓடுற வரைக்கும் எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்." கொஞ்சம் நிறுத்தினான். "என் போட்டுல பம்பு நின்னுபோச்சு. எங்கக்கா மேல இருந்து பக்கெட்டு பக்கெட்டா ஊத்தியிருக்கு."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். பவுனம்மாள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

வீட்டுக்குப் போக ஆட்டோ பிடித்தார்கள். கல்மண்டபம் தாண்டும்போது அவன், "நல்லா இருந்துச்சுக்கா" என்றான்.

"இன்னாது?"

"இறாலு."

அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவளுக்கு அடுப்படியே பயமாகிவிட்டது. உப்பு டப்பாவை எடுத்தால்கூட இது என்ன என்று முகர்ந்து பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் சொன்னபடி, போட்டிலிருந்து இறங்கிய சங்கரா மீனில் ஒரே ஒரு துண்டு வாங்கி, தண்ணீரில் வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வைத்துக் கொடுத்தாள். குமட்டினாலும் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். ஷெட்டில் அருள்பிரகாசத்திடம் உரிக்கிற மேசைக்கே மாற்றச் சொன்னாள். "டிரம்முல சுகமா நிக்கற வேலைய வுட்டுட்டு ஏம்மா?" என்றார். "என் கைக்கு வேணாம் சார்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் மாற்றிவிட்டார். பக்கத்தில் உரிக்கும் பெண்கள் அதே பவுடர் இறாலைச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போவதையும், மறுநாள் ஒன்றும் ஆகாமல் வேலைக்கு வருவதையும் பார்த்தபடி நிற்பாள். எல்லார் இடுப்பிலும் ஏதோ ஒன்று சத்தம் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. தன் இடுப்பிலும். இரண்டு. அந்த நினைப்பு வந்தால் உரித்த இறால் கையிலேயே நின்றுவிடும்.

மாதம் திரும்பியதும் அரிப்பு தணிந்தது. பாஸ்பேட்டும் இறங்கியது. டாக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் முழுசாக இல்லை. "குழாய்ல படிஞ்சது படிஞ்சதுதான். இதுக்கு மேல படியாம பாத்துக்கலாம். எவ்வளவு சீக்கிரம் வேற கிட்னி கெடைக்குதோ அவ்வளவு நல்லது" என்று ரவியைப் பார்த்துச் சொன்னார். பவுனம்மாளைப் பார்க்கவில்லை.

அவள் சுப்புராயனிடம் போய்க் கேட்கவில்லை. அவர் கடலுக்குப் போயிருந்தார், திரும்ப நாளாகும். கேட்டால் அவர் என்ன சொல்வார் என்பதைவிட, அவர் வரும்வரை காத்திருந்தால் இருக்கிற தைரியமும் போய்விடுமோ என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. அடுத்த டயாலிசிஸ் நாளில், மிஷின் முடியப்போகும் நேரத்தில் ரவியைக் கட்டிலில் விட்டுவிட்டுக் கீழே ரத்தம் எடுக்கும் அறைக்கு நடந்தாள். ஃப்ளோரன்ஸ் கூடவே வந்தாள்.

மிஷின் முடிந்து, மாவுக்கட்டுக் கையோடு ரவிக்குமார் படியிறங்கி வந்தபோது அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை குத்தியும் நரம்பு அகப்படவில்லை.

"இன்னா பண்ற இங்க?"

"பாத்தா தெர்ல?"

அவன் வாசலிலேயே நின்றான். "இறாலுக்கு ஈடா குடுக்கிறேன்னா எனக்கு வோணாம். எழுந்து வா."

"ஈடுன்னு எவன்டா சொன்னது? மொதல்லயே குடுத்திருக்கணும். பயந்துகினு கெடந்தேன். இப்பவும் பயமாத்தான் கீது."

"மாமா இன்னா சொல்வாரு? ஊரு இன்னா சொல்லும், வித்துட்டான்னு..."

"சொல்லட்டும். ஊரா வந்து உன் கையத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுச்சு?"

ரத்தம் எடுப்பவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிட்னி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டார். "யாரும் வற்புறுத்தலியே? உங்க இஷ்டத்துலதானே குடுக்கறீங்க?"

"ஆமா" என்றாள். ரவிக்குமார் உள்ளே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

ரப்பர் குழாயை மறுபடி இறுக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு முழுக்க ஆடியது. கையை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தாள்.